அம்மா நிமிர்ந்து நடக்கும்வரை

ஏப்ரல் 17

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டாம், நாசரேத் அத்தையிடம் வேண்டவே வேண்டாம். அம்மா பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகமாட்டாள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் இதை ஒளித்து வைக்கிறேன். டிசம்பர் வரை அதை யாரும் திறக்கமாட்டார்கள்.

என் பெயர் எப்சிபா. ஏழாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அம்மா பெயர் ஜெயசீலி, என் பள்ளியிலேயே விளையாட்டு டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. கொட்டிப்போன முடி சுருட்டையாக முளைத்தது. அடுத்த மாதம் மதுரையில் அம்மாவுக்குப் புது மார்பு செய்யப்போகிறார்கள்.

எனக்கும் இடது பக்கம் ஒரு கட்டி இருக்கிறது. தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவு. போன வாரம் புத்தகப்பை இடித்தபோதுதான் தெரிந்தது. வலிக்கிறது. அம்மாவுடைய கட்டி வலிக்கவே இல்லையாம். அப்படியானால் என்னுடையது அதைவிட மோசம்.

மார்பு வளரும்போது எப்படி இருக்கும் என்று என் வகுப்பு மெர்சியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவளுடைய அக்கா நர்சிங் படிக்கிறாள். "அதெல்லாம் ஆளான பெறவுதான்ட்டி வரும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும். மெத்துனு இருக்கும். எதுக்குக் கேக்க?" என்றாள். நான் இன்னும் ஆளாகவில்லை. எனக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. மெத்தென்று இல்லை.

இந்த ஆபரேஷன் போன வருடமே நடந்திருக்க வேண்டியது. எனக்கு டைபாய்டு வந்தது. அம்மா தேதியைத் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு வருடம் தேதியே கிடைக்கவில்லை. அதனால் இந்தத் தடவை எனக்கு எதுவும் வரக்கூடாது.

ஏப்ரல் 18

நேற்றே இதையும் எழுதியிருக்க வேண்டும், அதற்குள் தூக்கம் வந்துவிட்டது. நேற்று அம்மாவோடு மதுரைக்குப் போயிருந்தேன். டாக்டர் வஹிதா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

"தொப்புளுக்குக் கீழ இருக்கிற தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்புல வைக்கப்போறோம். முன்னெல்லாம் வயித்துத் தசையையும் சேர்த்து எடுப்போம். அப்புறம் அவங்களுக்கு எந்திரிச்சு உக்காரவே சிரமமா இருக்கும். இப்ப தசையை எடுக்குறதில்ல. அதுக்குள்ள வர்ற ரத்தக்குழாயை மட்டும் பிரிச்செடுத்து, நெஞ்சுல இருக்கிற குழாயோட சேர்த்து மைக்ராஸ்கோப் வச்சுத் தைப்போம். தைக்கிற நூல் தலைமுடியை விட மெல்லிசு."

"சிலிக்கான் பை வைக்கிறது சுலபம்னு சொன்னாங்களே டாக்டர்?"

"கரண்டு வச்ச இடத்துல அது சீக்கிரம் இறுகிப்போக வாய்ப்பு அதிகம். சொந்தத் தோல்னா நீங்க குண்டானா அதுவும் குண்டாகும், மெலிஞ்சா மெலியும்."

"எனக்கு மாஸ் டிரில் எடுக்கணும். குனிஞ்சு நிமிரணும்."

"அதுக்குத்தானே தசையை விட்டு வைக்கிறோம். ஆனா முதல்ல கொஞ்ச வாரம் கூனிக்கிட்டுதான் நடப்பீங்க. வயித்துத் தோலை இழுத்துத் தைச்சிருப்போம்ல."

பிறகு, அம்மா தினமும் போடும் மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். அது ரத்தத்தை உறையவைக்கக்கூடுமாம்; புதிதாகத் தைத்த குழாய் அடைத்துவிடுமாம். "நிறுத்துனா கட்டி திரும்ப வந்துராதா?" என்று அம்மா கேட்டாள். "சில வாரத்துல ஒண்ணும் ஆகாது. நான் சொன்னதும் மறுபடி ஆரம்பிங்க" என்றார் டாக்டர்.

அந்த மாத்திரை கட்டி வராமல் தடுப்பது என்று எனக்கு இதுவரை தெரியாது. சத்து மாத்திரை என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

கோவில்பட்டியில் பஸ் நின்றதும் அம்மா கடலைமிட்டாய் வாங்கித் தந்தாள்.

ஏப்ரல் 21

நாசரேத் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. ஆபரேஷன் முடிந்து அம்மா தேறும்வரை எங்களோடு இருப்பாள். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"கர்த்தர் உயிரத் தந்தாருல்லா சீலி. அது போதாதா? நாப்பத்தி மூணு வயசுல இத வச்சு யாருக்குக் காட்டப்போற?"

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போன மாசம் நீங்க பல்லு கட்டுனியளே மைனி. அது யாருக்குக் காட்ட?"

"அது முறுக்கு திங்கதுக்கு."

"இது குனியதுக்கு."

அத்தைக்குக் காரணம் தெரியாது. அம்மா யாரிடமும் சொன்னதில்லை. நான் பார்த்தேன்.

அம்மா ரவிக்கைக்குள் இடது பக்கம் வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை தைத்திருக்கிறாள். பஞ்சு மட்டும் வைத்தால் கனமில்லாமல் மேலே ஏறிவிடுகிறது என்று கடுகு நிரப்பியிருக்கிறாள். ஜனவரியில் ஆண்டு விழாவுக்கு டிரில் பழகும்போது, அம்மா குனிந்து கால்விரலைத் தொட்டுக் காட்டினாள். பை கீழே விழுந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து எடுத்து, "டீச்சர், ஒங்க பர்ஸு" என்று நீட்டினாள். ஒன்றிரண்டு பேருக்குப் புரிந்தது. அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போனது. அம்மா அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு விசில் ஊதினாள். அடுத்த வாரத்திலிருந்து லைப்ரரி பீரியட் கேட்டு வாங்கிக்கொண்டாள். விசில் இப்போது ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.

நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 23

கணக்குப் பரீட்சை. பரவாயில்லை. கட்டி அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 26

பரீட்சை முடிந்தது. அம்மாவின் பீரோவில் மாத்திரை சும்மா கிடக்கிறது. அம்மா போடப்போவதில்லை. கட்டியைத் தடுக்கிற மருந்து ஒரு வீட்டில் சும்மா கிடப்பதும், அதே வீட்டில் ஒருத்திக்குக் கட்டி இருப்பதும் சரியில்லை.

ரொம்பச் சின்ன மாத்திரை. கசக்கவில்லை.

ஏப்ரல் 30

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். காலையில் குமட்டுகிறது. "வெயில்ல சுத்தாதட்டின்னா கேக்கியா?" என்று அத்தை சீரகத் தண்ணீர் தந்தாள்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஆபரேஷன் முடியட்டும். அம்மா கூனாமல் நிமிர்ந்து நடக்கட்டும். அன்றைக்குச் சொல்வேன். அதற்கு முன்னால் சொல்லமாட்டேன். இது ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கும் பொருத்தனை மாதிரி.

மே 3

அத்தை செய்த வேலை. அம்மாவின் ஆபரேஷன் யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தோம். கேட்பவர்களுக்குக் குடலிறக்கம் என்று சொல்லச் சொல்லியிருந்தாள் அம்மா. அத்தை சபையில் ஜெப விண்ணப்பத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். போதகர் ஐயர் மைக்கில், "நம் சகோதரி ஜெயசீலி சாம்சன் அவர்களின் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக" என்றார். சபை முழுவதும் எழுந்து நின்று அம்மாவின் குடலுக்காக ஜெபித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்து வரிசை மாமி முதுகைத் தடவிக்கொடுத்தார். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் மைனி, குடலுக்குன்னு ஜெபம் பண்ணா அது அங்கதான போவும்?" என்றாள்.

"அவருக்குத் தெரியாதாக்கும் எங்க அனுப்பணும்னு?" என்றாள் அத்தை.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தவறான இடத்துக்கு என்றாலும் அம்மாவுக்காக இருநூறு பேர் கேட்டார்கள். எனக்காக நான் ஒருத்திதான் கேட்கிறேன்.

மே 8

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அத்தையும் இங்கே. அத்தை கொடியில் காய்ந்ததை எல்லாம் மடித்தாள், மடித்ததை எல்லாம் மறுபடி மடித்தாள். என் பள்ளிப் பாவாடையைக் கண்டதும், "போன வருசம் தைச்சது, முட்டுக்கு மேல ஏறிட்டு. கொக்கு மாதிரி வளருதியே" என்று மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டாள்.

இரவு ஏழரைக்கு அப்பா போன் செய்தார். முடிந்துவிட்டதாம். ரத்தம் ஓடுகிறதாம். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து ஒரு பேனா மாதிரிக் கருவியை வைத்துச் சத்தம் கேட்கிறாராம்.

மே 9

விடியுமுன் அப்பா போன் செய்தார். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

புது மார்பு நீலம் பூத்துவிட்டதாம். தைத்த குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்துவிட்டது. அம்மாவைத் திரும்ப தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

"எப்சி, பீரோல அம்மா மாத்திரை டப்பா இருக்கும், எடு. நிறுத்துன அன்னைக்கு அட்டைல ஒரு வரிசைதான் தீந்திருந்துச்சுன்னு நெனைக்கேன். இப்ப எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு. அம்மா மறதில போட்டுட்டு இருந்தாளான்னு டாக்டர் கேக்காவ."

டப்பாவை எடுத்தேன். அந்த அட்டை முழுவதும் காலி. இரண்டாவது அட்டையிலும் தொடங்கியிருந்தேன்.

அதைச் சொன்னால் அம்மா போட்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். யார் போட்டது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். அப்பா அம்மாவை அங்கே விட்டுவிட்டு இங்கே வருவார். அம்மா கண் விழித்ததும் எப்சி எங்கே என்பாள்.

"ஒரு வரிசைதான்ப்பா தீந்திருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"சரி. ஜெபம் பண்ணு."

நான் சொன்னது பொய். ஆனால் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியது அம்மா போடவில்லை என்பது. அது உண்மை.

மத்தியானம் அப்பா மறுபடி பேசினார். அடைப்பை எடுத்துவிட்டு வேறு குழாயில் தைத்துவிட்டார்களாம். நிறம் திரும்பிவிட்டதாம். அத்தை தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இன்று சாப்பிட்டதும் நான் மாத்திரை போடவில்லை. என் ரத்தமும் உறையுமோ என்று யோசித்தேன். என் உடம்பில் யாரும் எந்தக் குழாயையும் தைக்கவில்லை. பிறகு போட்டுவிட்டேன்.

மே 13

அம்மாவைப் பார்த்தேன். முகம் சின்னதாக இருந்தது. பேச்சியம்மாள் என்று ஒரு சிஸ்டர். "மகளா? வா பாப்பா, ஒரு சத்தம் கேளு" என்று பசை தடவி அந்தப் பேனாவை அம்மாவின் மேல் வைத்தார். ஷ்ஷ், ஷ்ஷ், ஷ்ஷ் என்று கேட்டது. கல்லில் துணி துவைப்பது மாதிரி.

"கேக்குதா? உங்கம்மா ரத்தம் புது வீட்டுல பால் காய்ச்சிருச்சு" என்றார் சிஸ்டர். "மொத நாளே வீட்டைக் காலி பண்ணப் பாத்துச்சு. டாக்டரம்மா விடலையே."

சிஸ்டர் போன பிறகு அம்மா சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். நான் பயந்த மாதிரி இல்லை. சுற்றிலும் தையல். நடுவில் வெறும் தோல். அதில் மீன்முள் மாதிரி வெள்ளைக் கோடுகள்.

"இது தெரியுதா? நீ வயித்துல இருக்கப்ப விழுந்த கோடு. இப்ப மாடிக்குக் குடிவந்துட்டு."

"வலிக்காம்மா?"

"வயிறுதான் வலிக்கு. இங்க தொட்டா ஒண்ணும் தெரியல. போர்வைக்கு மேல தொட்ட மாதிரி இருக்கு. ஒரு நரம்பையும் சேத்துத் தைச்சிருக்காவளாம். உணர்ச்சி வருதான்னு ஒரு வருசம் போனாத்தான் தெரியுமாம். வந்தா வரட்டும்."

நான் இருந்த தோல் அது. என் கட்டி அதிலிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அம்மாவுக்குப் போனதா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். டாக்டர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

மே 16

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். விழுந்த பொருளைத் தேடுவது மாதிரிக் கூனி நடக்கிறாள். இடது கையை உயர்த்தக்கூடாது. வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போகிறாள். வளையல் சுவரில் உரசுகிறது. எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறாள் என்று படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம். குளியலறையில் நான் இருந்தபோது கதவைத் தட்டினாள். தாழ்ப்பாளுக்கும் கீழேயிருந்து சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்துவிட்டேன்.

மே 19

இன்று எலுமிச்சைச் சாதம். கடுகு தீர்ந்துவிட்டது என்று அத்தை பீரோவில் எதையோ தேடும்போது ஒரு துணிப்பை கிடைத்ததாம், நிறையக் கடுகு இருந்ததாம், தையலைப் பிரித்துத் தாளித்துவிட்டாளாம். சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள்.

"எறும்புக்குப் பயந்து தைச்சு வச்சிருக்கியே சீலி. நல்ல யோசனதான். ஆனா இது பழைய கடுகு, வெடிக்கவே மாட்டுக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மைனி, சிரிக்க வைக்காதீய, தையல் பிரிஞ்சிரும்" என்றாள். விஷயம் தெரிந்ததும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு புறவாசலுக்கு ஓடினாள். கொஞ்சம் கழித்து வந்து, "சாதம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அதற்கு மறுபடி சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். குமட்டல் இருந்தது.

மே 20

நேற்று ராத்திரி அத்தையிடம் டிரில்லில் பை விழுந்ததைச் சொன்னேன். இன்று மத்தியானம் அத்தை அம்மாவிடம் சமையலறையில் மெதுவாக, "ஆண்டு விழா டிரில்ல நடந்தத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள். அத்தை அம்மாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். யாருக்குக் காட்டப்போற என்ற கேள்வியை அவள் இனி கேட்கமாட்டாள்.

மே 23

வலது பக்கமும் வந்துவிட்டது. புளியங்கொட்டையை விடச் சின்னது.

பரவிவிட்டது.

மாத்திரை ஒன்று போதவில்லை போலிருக்கிறது.

மே 26

இரண்டு போட்டால் உடம்பு சுடுகிறது, பிறகு குளிர்கிறது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "என்னட்டி, முகம் வாடிக் கெடக்கு? என்னமாவது சொல்லணுமா?" என்றாள். கூனி நின்றதால் அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. ஒன்றுமில்லை என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இன்னும் நிமிரவில்லை. நேற்றைக்கு இன்று பரவாயில்லை, ஆனால் நிமிரவில்லை.

மே 29

மதுரைக்குப் போய்விட்டு மாலையில் வந்தார்கள். எல்லாம் நன்றாக ஆறிவிட்டதாம். ஆகஸ்டில் மைதானத்துக்குப் போகலாமாம். அம்மா ஜன்னல் கம்பியிலிருந்து விசிலை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அப்பாவிடம், "மாத்திரைய இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கச் சொல்லிட்டாவ, அந்த டப்பாவ எடுங்க" என்றாள்.

நான் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். டப்பாவில் எதுவும் இல்லை. கடைசி இரண்டையும் நேற்றுப் போட்டுவிட்டேன். வேறு வாங்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

அவர்கள் பேசுவது கேட்கிறது. கேட்பதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னங்க, மூணு அட்டையும் காலியா கெடக்கு."

"நீ போட்டியா?"

"நான் எங்க போட? நீங்கதான அன்னைக்கு, ஒரு வரிசைதான் தீந்திருக்குன்னு டாக்டர்ட்ட சொன்னிய."

"நான் ஊர்லயா இருந்தேன்? எப்சிதான் பாத்துச் சொன்னா."

அத்தை ஏதோ சொல்கிறாள். "பிள்ளைக்கு ஒரு மாசமா குமட்டுது, நான் வெயில்னு..."

இப்போது நாற்காலி நகர்கிறது. அம்மா எழுந்துவிட்டாள். அப்பா நான் போகிறேன் என்கிறார். அம்மா வேண்டாம் என்கிறாள்.

வளையல் உரசும் சத்தம் வரவேண்டும். வரவில்லை. சுவரைப் பிடிக்காமல் வருகிறாளா தெரியவில்லை. காலடி மட்டும் கேட்கிறது. மெதுவாக வருகிறாள். என் அறைக்கு வெளியே நின்றுவிட்டாள்.

நட்சத்திரப் பெட்டி வெளியே ஹாலில் இருக்கிறது. இதை ஒளித்துவைக்க இந்த அறையில் இடமே இல்லை.

தட்டுகிறாள். தாழ்ப்பாளுக்குக் கீழே இல்லை. மேலே, என் தலைக்கும் மேலே